உறைந்த ஆற்றுக்குச் செம்பட்டி நார்

போனது இரண்டு பேர், நானும் சிராஜ் பாயும். போயிருக்க வேண்டியவர் எங்கள் நார் மில் முதலாளி காதர் பாய். முழங்கால் வலிக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தம்பி சிராஜை அனுப்பினார். என் அம்மா வரவில்லை. அம்மா எதற்கு வர வேண்டும் என்று கேட்பீர்கள். வினையை இழுத்துவிட்ட தண்ணீரை ஊற்றியவர் அவர். ஊற்றச் சொன்னவன் நான்.

செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில் இருக்கிறது மில். தேங்காய் மட்டையை அடித்து நாராக்கி, நாரை விரிப்பாகத் தைத்து, சுருட்டி அனுப்புகிறோம். மண் சரிகிற ஆற்றங்கரையில் இந்த விரிப்பைப் போர்த்திப் புல் விதைத்தால், புல் வேர் பிடிக்கும்வரை நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மட்கி மண்ணோடு போய்விடும். நான் காந்திகிராமத்தில் படித்துவிட்டு வந்து இங்கே சூப்பர்வைசரானேன். அம்மா பதினெட்டு வருடமாக இதே மில்லில், இரண்டாவது ஷெட்டில், நார் உலர்த்துகிறார்.

நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு நூற்று அறுபது சுருள் அனுப்பியிருந்தோம். வெளிநாட்டுக்கு நாங்களே நேரடியாக அனுப்பிய முதல் சரக்கு. விரிப்புப் போடும் விதத்தைச் செய்துகாட்டப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. கிளம்புகிற வாரத்தில் அங்கிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் சுருள் ஒன்று தரையில் தூண் மாதிரி தனியாக நின்றது. பக்கத்தில் ஓர் ஆள் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “எல்லாம் உள்ளே உறைந்துவிட்டன. விரிக்க முடியவில்லை. ஆற்றுப் பனிக்கட்டி உடைவதற்குள் போட்டாக வேண்டும்” என்று கீழே எழுதியிருந்தது.

படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் காற்று காய்ந்த காற்று. உலர்ந்த நாரை அப்படியே சுருட்டினால் முறியும், தூசி பறக்கும். அதனால் சுருட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது எல்லா மில்லிலும் வழக்கம். அந்த வாரம் காற்று கூடுதலாகக் காய்ந்தது. “சுருளுக்கு இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்கம்மா” என்று சொன்னது நான். ஊற்றி, சுருட்டி, மேலே பிளாஸ்டிக் தாளும் சுற்றி, ஈரத்தைப் பத்திரமாகப் பூட்டிப் பனிநாட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறோம்.

காதர் பாய் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். “இது அங்கன நின்னாத்தான் அடுத்த ஆர்டரு. இல்லேன்னா ரெண்டாவது ஷெட்ட மூட வேண்டியதுதான் அப்பு. நான் என்ன செய்ய?”

விசா, டிக்கெட் கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நேராக இறங்கிவிடுகிறேன்.

இறங்கிய இடத்தில் இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் வந்தது. வராதது ஸ்வெட்டரும் கோட்டும் வைத்த பெட்டி. வந்தது புளி, பருப்பு, மிளகாய்ப்பொடி, ஊறுகாய் வைத்த பெட்டி. சிராஜ் பாய் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பசியில சாக மாட்டோம்லே. குளிர்லதான் சாவோம்.”

எங்களைக் கூட்டிப்போகக் காரோடு வந்திருந்தவர் இங்ரிட். அந்த ஊர் நகராட்சி இன்ஜினீயர். எனக்கு நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு, காரின் பின்னாலிருந்து ஆளுக்கொரு கனத்த மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். முதுகில் அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் பெயர் எழுதியிருந்தது. பத்து நாளும் நாங்கள் தீயணைப்பு வீரர்களாகத்தான் திரிந்தோம்.

பனி கொட்டும் என்று நினைத்துப் போனால் மழை பெய்தது. ஐப்பசி மாதத்துத் தூறல் போல நிதானமான மழை. “மழையை வெறுப்பவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்க்கப் போகிறீர்கள்” என்றார் இங்ரிட். மழை பனியின் மேல் விழுந்து கண்ணாடியாக உறைகிறது. அந்தக் கண்ணாடியின் மேல்தான் கார் போக வேண்டும். ஓரிடத்தில் லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. வண்டியிலிருந்து பொடிக்கல்லை அள்ளித் தூவிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிசயம். நம் செம்பட்டி முக்கில் அரை நிமிடம் நின்றால் காது போய்விடும்.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஏரியின் மேலேயே கார் ஓட்டிக் குறுக்கே போய்விடுவார்களாம். இரண்டு வருடமாகப் பனிக்கட்டி போதிய கனத்துக்கு உறையவில்லை என்று அந்த வழியை மூடிவிட்டார்கள். இதை நான் தமிழில் சொன்னதும் சிராஜ் பாய் நெஞ்சில் கை வைத்தார்.

“ஏரி மேல காரா? அல்லாவே! மூடுனது நல்லதாப் போச்சு.”

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கடிகாரத்தில் எட்டரை. வெயில் அடித்தது. மஃரிப் தொழுகைக்குச் சூரியன் மறைய வேண்டுமென்று சிராஜ் பாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒன்பதைத் தாண்டியும் அது மலைமேல் உட்கார்ந்திருந்தது. “எறங்குறாப்ல தெரியலையே! விருந்தாளி மாதிரி உக்காந்துருக்கான்.”

மறுநாள் ஆற்றைப் பார்த்தேன். எங்கள் குடகனாற்றைப் போல் மூன்று மடங்கு அகலம். தண்ணீர் என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரைக்குக் கரை வெள்ளைத் தளம் போட்டதுபோலக் கட்டி. இந்தப் பக்கக் கரை கேக்கை வெட்டியதுபோல நட்டுக்குத்தலாக நின்றது. அதன் விளிம்பிலிருந்து பத்தடியில் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் பதினைந்து வீடுகள்.

இங்ரிட் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆறு முன்பு மே மாதத்தில் மெதுவாக இளகும். இப்போது நடுக்குளிர்காலத்திலேயே சூடான காற்றும் மழையும் வந்துவிடுகின்றன. ஆறு அகாலத்தில் பொங்கி, கட்டிகளை உடைத்துக் கரையில் மோதவிடுகிறது. உறைந்திருந்தால் கரை தாங்கும். பாதி இளகிய கரை தாங்குவதில்லை. “எங்கள் மண்ணைக் குளிர்தான் பிடித்துவைத்திருந்தது. அது இப்போது அடிக்கடி லீவு போடுகிறது” என்றார்.

சுருள்களை ஒரு கொட்டகைக்கு வெளியே அடுக்கியிருந்தார்கள். பகலில் பூஜ்யத்துக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி ஏறும், ராத்திரி மறுபடி இறங்கிவிடும். அதனால் மேல்தோல் மட்டும் இளகியிருந்தது. தட்டிப் பார்த்தேன், உள்ளே கல். படத்தில் முழங்கையை ஊன்றி நின்ற ஆளும் அங்கேதான் இருந்தார். பெயர் ஐலு. ஊருக்கு டிராக்டர் ஓட்டுகிறார். அதுபோகக் கலைமான் மந்தை வைத்திருக்கிறார்.

இங்ரிட் ஒரு தாளை நீட்டினார். கண்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும், கப்பல் கம்பெனியிடம் நஷ்டம் கேட்கப் போகிறோம், சரக்கு எங்கள் மில்லை விட்டுக் காய்ந்த நிலையில் கிளம்பியது என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

சிராஜ் பாய் முகம் மாறாமல் தமிழில் சொன்னார்: “போட்ருலே. பழி கப்பக்காரன் தலையில போகும். ஆண்டவனா பாத்து வழி காட்டுறான்.”

“ஆண்டவன் இப்புடியா பாய் வழி காட்டுவான்?”

“ஏலே, ரெண்டாவது ஷெட்ட நெனச்சுப் பாரு.”

நினைத்தேன். பேனாவையும் வாங்கிவிட்டேன். சும்மா நேரத்தைக் கடத்துவதற்காகத்தான், “கையெழுத்துப் போட்டால் இந்தச் சுருள்கள் என்னவாகும்?” என்று கேட்டேன்.

“கடல்தண்ணீர் பட்டது என்றால் உப்பு இருக்கும். உப்பேறிய நாரில் புல் முளைக்காது. கரையில் போட முடியாது, கழித்துவிட வேண்டியதுதான்” என்றார் இங்ரிட்.

“கரை?”

அவர் திரும்பி ஆற்றைப் பார்த்தார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். தப்பும் தவறுமான இங்கிலீஷில் சொன்னேன். கப்பலில் எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் ஊற்றியது நாங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஊற்றச் சொன்னவன் நான்.

இங்ரிட் பேனாவை மூடினார். பிறகு, “எடை கூட்டுவதற்காகவா?” என்றார்.

அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தும் வலித்தது. சதுர மீட்டர் கணக்கில் விற்கிறோம், எடை கூடினால் எங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை, நார் முறியாமல் இருக்கத்தான் என்று சொன்னேன். சொன்னதை எப்படி நம்பவைப்பது என்று தெரியவில்லை. சுருளின் ஓரத்திலிருந்து டீ நிறத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டேன். நாரின் துவர்ப்பு. உப்பு கொஞ்சமும் இல்லை. அம்மா வாளியில் இறைக்கிற அதே தண்ணீர். இன்னொரு துண்டைப் பெயர்த்து நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார். ஐலுவும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். மூன்று பேரும் மிட்டாய் சப்புவதுபோல நின்றோம்.

“உப்பு இல்லை” என்றார் இங்ரிட். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சிராஜ் பாய் எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்: “பொழச்சே போ. அண்ணன்ட்ட நீதான் சொல்லணும். நான் இந்தப் பக்கமே இல்ல.”

பிரச்சினை இப்போது கணக்காகிவிட்டது. ஊரில் சூடு வைத்த பெரிய கட்டடம் தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகை ஒன்றுதான். அதில் இருபது சுருள் பிடிக்கும். ஒரு தடவை இளக மூன்று நாள். நூற்று அறுபதுக்கு இருபத்து நாலு நாள். ஆற்றுப் பனி பத்து நாளுக்கு மேல் தாங்காது என்பது ஐலுவின் கணிப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் ஐலு தன் மான்களுக்குத் தீவனம் வைக்கப் போகும்போது எங்களையும் கூட்டிப்போனார். கலைமான் பனியைக் குளம்பால் கிளறி அடியிலிருக்கும் பாசியைத் தின்னுமாம். மழை பெய்து மேலே ஐஸ் ஓடு கட்டிவிட்டால் கிளற முடியாது. “அதற்குச் சாப்பாட்டு வாசம் தெரியும், சாப்பாடு கிடைக்காது” என்றார். அதனால் மூட்டைத் தீவனம் விலைக்கு வாங்கிப் போடுகிறார். அவருடைய அப்பா காலத்தில் இப்படி வாங்கியதே இல்லையாம்.

மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கம் லாரியில் வைக்கோல் வரும், அதற்குக் காத்து நிற்போம் என்று நான் சொன்னேன். எங்களுக்கு மழை வராததால், அவர்களுக்கு மழை வந்ததால். சிராஜ் பாய் ஒரு மானின் முதுகைத் தடவிக்கொண்டே, “நம்மூரு ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுப் போடுறாப்லதான். கொம்புதான் கொஞ்சம் கூடுதல்” என்றார்.

திரும்பும் வழியில் ஐலு திடீரென்று டிராக்டரை நிறுத்தினார். “எங்கள் வீட்டு ஸானாவில் நாலு சுருள் வைக்கலாம்” என்றார். ஸானா என்றால் அடுப்பு மூட்டி வியர்க்க உட்காரும் மர அறை. அங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

வீட்டுக்கு ஒருவர் வந்து ஊர் வேலையைக் கூலி இல்லாமல் செய்வதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. எங்களிடமும் இருந்தது, குடிமராமத்து. இப்போது அரசாங்கத் திட்டத்தின் பெயராகப் போர்டில் பார்க்கிறோம். அங்கே இங்ரிட் போனில் ஒரு செய்தி போட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கொட்டகை முன்னால் திருவிழாக் கூட்டம். பெரும்பாலானோர் தள்ளுவண்டி கொண்டுவந்தார்கள். நாற்காலிக்கு அடியில் சக்கரத்துக்குப் பதில் நீளமாக இரண்டு இரும்புப் பட்டை; பனியில் காலால் உந்தி ஓட்டுகிறார்கள். கறிகாய் வாங்கப் போகிற அந்த நாற்காலிகளில் எங்கள் சுருள்கள் பெரிய மனிதர்களைப் போல உட்கார்ந்து போயின.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் மறுத்தார். “என் வீடு கரையில் இல்லை” என்று அவர் சொன்னதை இங்ரிட் எனக்கு மொழிபெயர்த்தார். அதற்கு ஐலு என்னவோ சொன்னார், கூட்டம் சிரித்தது. “நீ சாராயக் கடைக்குப் போகிற சாலை கரையில்தான் இருக்கிறது” என்றாராம். பெரியவர் இரண்டு சுருள் எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாலு நாளும் வீடு வீடாகப் போய்ச் சுருளைப் புரட்டிவிடுவதுதான் எங்கள் வேலை. மில்லில் நாரைப் புரட்டுவதுபோலவேதான். வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அது ஒன்றுதான் பழகிய விஷயமாக இருந்தது. வீட்டுக்கு வீடு காப்பி. பால் இல்லாத, சர்க்கரை இல்லாத காப்பி. கூடவே பழுப்பாக ஒரு பாலாடைக்கட்டி. சிராஜ் பாய் தின்றுபார்த்து, “பால்கோவாவ அடிப்பிடிக்க விட்டாப்ல இருக்கு. ஆனா மோசமில்லடா” என்று இன்னொரு துண்டு எடுத்தார். பதினோராவது காப்பிக்குப் பிறகு அவருக்குக் கை நடுங்கியது. குளிரா காப்பியா என்று சொல்லத் தெரியவில்லை.

சுருள்கள் இளகின. டீ நிறத் தண்ணீர் குளியலறைகளில் ஓடியது. மூன்றாம் நாள் தெருவில் நடந்தபோது சட்டென்று நின்றுவிட்டேன். ஊரே ஈர நார் வாசனை. கண்ணை மூடினால் மழை விட்ட மறுநாள் செம்பட்டி மில் வாசல்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அவுக வீட்டுக் குளியலறைக்குள்ளயா? அய்யய்யே! கறை போகாதேப்பா, எஞ் சேலையிலயே போகல. வைய மாட்டாகளா?”

“வையலம்மா. காப்பி குடுக்குறாக.”

“தண்ணி ஊத்துனது நாந்தான்னு சொல்லிட்டியா?”

“ஊத்தச் சொன்னது நாந்தான்னு சொல்லிட்டேன்.”

அம்மா பேச்சை மாற்றினார். “சாப்டியா? என்ன வெஞ்சனம்?” என்றார்.

குழம்பும் வெஞ்சனமும் சிராஜ் பாய் கைவண்ணம். அங்கே எங்கே திரும்பினாலும் மீனும் உருளைக்கிழங்கும்தான். மீனை ஆவியில் வேகவைத்து வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். புளி இல்லை, காரம் இல்லை, மீனுக்கே தான் எதற்குச் செத்தோம் என்று தெரியாது. விரிப்புப் போட ஆரம்பித்த அன்று சிராஜ் பாய் பள்ளிக்கூடச் சமையலறையில் இடம் கேட்டுப் புளி கரைத்து மீன்குழம்பும், கறி இல்லாமல் வெறும் பருப்பில் தால்சாவும் வைத்தார். ஆற்றங்கரையில் வேலை செய்தவர்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுத்த பெரியவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தட்டு வாங்கினார்.

கரையில் விரிப்பதை இரண்டு நாள் நான் செய்துகாட்டினேன். மூன்றாம் நாள் என்னைவிட அவர்கள் வேகமாகப் போட்டார்கள். எங்கள் ஊரில் கட்டையைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிடுவோம். அங்கே மண் இரும்பாக இருந்ததால் ஐலு டிராக்டரில் துரப்பணத்தை மாட்டிக் குழி போட்டுக்கொண்டே போனார், பின்னாலேயே நாங்கள் கட்டை இறக்கினோம். ஒரு கரை முழுக்கப் பழுப்பு நிறமாகியது.

பத்தாவது நாள் மத்தியானம், கடைசி எட்டுச் சுருள் கீழே கிடக்கும்போது, வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஐலு கையைத் தூக்கினார். எல்லோரும் மேலே ஓடினோம். வெள்ளைத் தளம் நடுவில் பிளந்து, லாரி அளவுக் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. விரிக்க நேரமில்லாமல் கீழே கிடந்த எட்டுச் சுருளையும் ஆற்று வெள்ளம் வாங்கிக்கொண்டது. ஒரு கட்டி வந்து கரையில் உரசியது. விரிப்பு ஓரிடத்தில் நீளமாகக் கிழிந்தது. மண் கொஞ்சம் கொட்டியது, அவ்வளவுதான். அடுத்த கட்டி, அதற்கடுத்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆறு ஓடும் தண்ணீராகிவிட்டது. இங்ரிட் கரை நெடுக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாலை இருந்தது, பதினைந்து வீடும் இருந்தன. பெரியவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பும் வழியில் விமான நிலையத்தில், தொலைந்துபோன ஸ்வெட்டர் பெட்டி எங்களுக்காகக் காத்திருந்தது. திண்டுக்கல்லில் வந்து இறங்கியபோது நூற்று நாலு டிகிரி வெயில். சிராஜ் பாய் ஆட்டோவில் ஏறும்போது வானத்தைப் பார்த்து, “குளிரக் கொஞ்சம் அங்கன இருந்து கொண்டாந்துருக்கலாம்லே” என்றார்.

இரண்டு மாதம் கழித்து இங்ரிட்டின் மெயில் வந்தது. கரையில் புல் முளைத்த படம், முந்நூறு சுருளுக்குப் புது ஆர்டர், ஒரே ஒரு நிபந்தனை: தண்ணீர் கூடாது. இப்போது விடியற்காலை ஐந்து மணிக்குச் சுருட்ட ஆரம்பிக்கிறோம். அந்த நேரத்துக் காற்றில் இருக்கிற ஈரமே நாருக்குப் போதுகிறது. அம்மா அதற்கேற்ப நாலரைக்கே ஷெட்டுக்குப் போய்விடுகிறார். என்னைத் திட்டிக்கொண்டேதான் போகிறார்.

மெயிலோடு ஒரு பில்லும் இருந்தது. காதர் பாய் அதைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அறுபது வீட்டு விறகு, மின்சாரம், டிராக்டர், ஆள் கூலி, காப்பி எதற்கும் காசு போடவில்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது. முதலாளி அதைப் படிக்கச் சொன்னார். படிக்கும்போது சிராஜ் பாய் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போனார். டீ நிறத் தண்ணீரைத் துடைக்க யார் வீட்டுக் கொடியிலிருந்து அவர் எதை எடுத்தார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்திருந்தார்.

குளியல் துண்டு, வெள்ளை, இரண்டு: முந்நூற்று நாற்பது குரோனர். நம் காசுக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.